நீர் வந்த வழி

ஒரு வீட்டுக்குள் முழங்காலளவு நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரிசியும் பருப்பும் நனைந்துவிட்டன. அலமாரியின் அடித்தட்டில் இருந்த பத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சுவரில் காரை உப்பி நிற்கிறது. வீட்டுக்காரருக்கு இது ஒரே நஷ்டம். ஆனால் அவர் தமது பாலிசியை எடுத்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் படியேறினால், அங்கே முதலில் எழும் கேள்வி ‘எவ்வளவு நஷ்டம்?’ என்பதன்று. ‘நீர் எங்கிருந்து வந்தது?’ என்பதே முதற்கேள்வி. கூரையிலிருந்தா, குழாயிலிருந்தா, சாக்கடையிலிருந்தா, ஆற்றிலிருந்தா? விடை மாறினால் கைக்கு வரும் பணமும் மாறும். சில சமயம் ஒன்றுமே வராமலும் போகும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபுகளைப் பாடம் சொன்னவன் நான். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கற்பொருள் உண்டு என்றும், ஒரு பொருள் எதிலிருந்து நீங்கி வந்தது என்பதை அது உணர்த்தும் என்றும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த நீங்கற்பொருளை நம்பி ஒரு குடும்பத்தின் வீடே நிற்கும் அல்லது விழும் என்று அப்போது நான் எண்ணியதில்லை. இந்த வேறுபாடு எப்படிப் பிறந்தது, ஏன் பிறந்தது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இது மிகக் கூர்மையாக வளர்ந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. ஆதலால் என் பேச்சின் பெரும்பகுதி அந்நாட்டைப் பற்றியதாகவே இருக்கும்.

வீட்டுக்கான காப்பீடு நீரில் பிறந்ததன்று, தீயில் பிறந்தது. 1666-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் விடியற்காலையில் லண்டன் மாநகரில் ஒரு ரொட்டிக் கிடங்கில் பற்றிய நெருப்பு, நான்கு நாட்களில் ஏறத்தாழ 13,200 வீடுகளையும் 87 கோயில்களையும் சாம்பலாக்கியது. அந்தச் சாம்பலின்மேல் வீடுகள் கட்டி விற்றவர்களில் நிக்கோலஸ் பார்பன் என்பவர் ஒருவர். வைத்தியம் படித்தவர், கட்டடத் தொழிலில் இறங்கியவர். அவர் 1680-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீக்காப்பீட்டு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். செங்கல் வீட்டுக்கு ஒரு கட்டணம். மரவீட்டுக்கு அதைப்போல் இரு மடங்கு. எந்தப் பொருள் எளிதில் எரியுமோ அதற்கு விலை கூடுதல் என்னும் எளிய நியாயம் அங்கே தொடங்கியது. பின்வந்த கம்பெனிகள் தத்தமக்கென்று தீயணைப்பு ஆட்களையும் வைத்துக்கொண்டன. தாம் காப்பளித்த வீட்டின் சுவரில் ஈயத் தகடு ஒன்றைப் பதித்தன.

இந்தத் தீப் பத்திரத்துக்குள் நீர் முதன்முதலில் நுழைந்த விதம் கவனிக்கத்தக்கது. நெருப்பை அணைக்க ஆட்கள் நீரைக் கொட்டுகிறார்கள். எரியாமல் தப்பிய மெத்தையும் துணியும் அந்த நீரில் கெட்டுப்போகின்றன. இது தீயால் வந்த நஷ்டமா, நீரால் வந்த நஷ்டமா? தீயே இதற்கு மூலம். தீ இல்லையேல் இந்த நீர் வந்திராது. ஆகவே இதுவும் தீயின் கணக்கே என்று முடிவு கட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் சேதத்தைப் பாராமல், அதற்கு முன்னே நின்ற காரணத்தைப் பார்ப்பது என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. பத்திரத்தில் நீர் அன்று தீயின் பணியாளாகத்தான் உள்ளே வந்தது. தனக்கென ஓர் இடம் அதற்கு இல்லை.

கடல் கடந்து இந்த முறை அமெரிக்காவுக்குச் சென்றது. 1752-இல் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவர் நண்பர்களும் அமைத்த தீக்காப்பீட்டுச் சங்கம் இன்றும் நடந்துவருகிறது. நூறாண்டுகளுக்கு மேல் வீட்டுக் காப்பீடு என்றால் அங்கே தீக் காப்பீடு என்றே பொருள். வெள்ளம் ஏன் அதில் சேரவில்லை?

இதற்கு ஒரு கிராமத்துக் கணக்குப் போதும். கீற்றுக் கூரைகள் நிறைந்த ஊரில் ஒரு வீடு எரிந்துபோனால், ஊரார் ஆளுக்கு இரண்டு மூங்கிலும் பத்துக் கீற்றும் கொடுத்து ஒரு வாரத்தில் கூரை வேய்ந்துவிடுவார்கள். கொடுப்பவர் நூறு பேர், பெறுபவர் ஒருவர். ஆனால் ஏரி உடைத்து ஊரே நீரில் மூழ்கினால் யார் யாருக்குக் கீற்றுக் கொடுப்பது? இன்ஷூரன்ஸ் என்பதும் இதுவேதான். கீற்றுக்குப் பதில் பிரீமியம். நூற்றில் ஒருவருக்கு வரும் துன்பத்தை அது தாங்கும். நூற்றுக்கு நூறு பேருக்கும் ஒரே இரவில் வரும் துன்பத்தைத் தாங்காது. இன்னொரு சங்கடமும் உண்டு. தீ எந்த வீட்டிலும் பற்றலாம். ஆகவே எல்லாரும் பாலிசி எடுப்பர். வெள்ளமோ எங்கே வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். மேட்டுத் தெருக்காரர் வெள்ளத்துக்குப் பணம் கட்ட மாட்டார். பள்ளத் தெருக்காரர் மட்டுமே கட்டுவார். அப்போது கம்பெனி கேட்க வேண்டிய கட்டணம் பள்ளத் தெருக்காரரால் கொடுக்க இயலாததாகிவிடும். அவர்தாம் பெரும்பாலும் ஏழை என்பதையும் மறக்கலாகாது.

இந்தக் கணக்கை ஐயமற மெய்ப்பித்தது 1927-ஆம் ஆண்டு மிஸிஸிப்பி வெள்ளம். முந்திய ஆண்டின் கோடை இறுதியிலிருந்து விடாது பெய்த மழையால் பெருகிய ஆறு, ஏப்ரல் 21-ஆம் நாள் மௌண்ட்ஸ் லாண்டிங் என்னும் இடத்தில் கரையை உடைத்துக்கொண்டு புறப்பட்டது. ஏறத்தாழ 27,000 சதுர மைல் நிலம் நீருக்குள் போயிற்று. 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களுள் பெரும் பகுதியினர் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பு மக்கள். அந்த மாதம் 29-ஆம் நாள் நடந்த ஒரு செய்கை நம் பொருளுக்கு மிக நெருங்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காப்பதற்காக, அந்நகருக்குக் கீழே கர்னர்வன் என்ற இடத்தில் ஆற்றங்கரையை அதிகாரிகளே வெடி வைத்துத் தகர்த்தார்கள். நீர் பக்கத்து இரு மாவட்டங்களின் குடிகள்மேல் பாய்ந்தது. நஷ்டஈடு கொடுப்பதாக நகரத்துப் பெரியவர்கள் வாக்களித்திருந்தார்கள். அந்தக் குடிகளுள் பெரும்பாலோர்க்குக் கிடைத்தது மிகச் சொற்பம். பலர்க்கு அதுவும் இல்லை.

அதுவரை ஆங்காங்கே வெள்ளக் காப்பும் விற்றுவந்த கம்பெனிகள் 1928 முடிவதற்குள் அந்தத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டன. அன்று அடைத்த கதவு நெடுங்காலம் திறக்கவில்லை.

இதே காலத்தில் வேறொரு நீர் வீட்டுக்குள் சத்தமின்றிக் குடிபுகுந்துகொண்டிருந்தது. அதுதான் குழாய் நீர். கிணற்றடியிலும் புழக்கடையிலும் இருந்த தண்ணீர் சுவருக்குள் ஓடத் தொடங்கியது, மாடிக்கு ஏறியது, குளிர்நாடுகளில் அறைகளைச் சூடேற்றவும் அதுவே சுற்றி வந்தது. குளிர்காலத்தில் குழாய்க்குள் நீர் உறைந்தால் அது விரிந்து குழாயைப் பிளந்துவிடும். ஐந்தாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுக்கும் அந்தச் சிறிய உண்மை, அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கூரைகளை இடித்துத் தள்ளுகிறது. இந்த நீரோ தீயைப் போன்றது. இன்று ஒரு வீட்டில், நாளை எங்கோ ஒரு வீட்டில் என்று சிதறி வருவது. ஊரையே ஒரே இரவில் கொள்ளாதது. ஆகவே கம்பெனிகளுக்கு இதன்மேல் அச்சம் இல்லை.

1943-இல் நியூயார்க் மாகாணம் வகுத்த தீப் பத்திரம் 165 வரிகள் கொண்டது. நாட்டின் பெரும்பகுதிக்கும் அதுவே மாதிரியாயிற்று. காற்றும் ஆலங்கட்டியும் வேண்டுவோர் அதன்மேல் தனிச் சீட்டு ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும்; திருட்டுக்கு வேறு பத்திரம். 1950-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பழைய கம்பெனி, தீ, காற்று, திருட்டு, பிறர்க்கு நேரும் தீங்குக்கான பொறுப்பு முதலிய யாவற்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து ‘வீட்டுடைமையாளர் பத்திரம்’ ஒன்றை வெளியிட்டது. ஏனையோரும் அதைப் பின்பற்றினர். இவ்வகைப் பத்திரங்களில் குழாய் நீர் உள்ளே வைக்கப்பட்டது. ஆற்று நீரும் கடல் நீரும் வெளியே நிறுத்தப்பட்டன. இன்று அமெரிக்காவில் விற்கும் பத்திரங்களின் பொது அமைப்பு அதன் வழி வந்ததுதான்.

அந்த அமைப்பை நான் ஆசிரியன் கண்ணோடு படித்துப் பார்த்தேன். அதன் ஒவ்வொரு சொல்லும் ஒரு வழக்கிலிருந்து வந்தது போலத் தோன்றுகிறது. குழாயோ, வெந்நீர்க் கொப்பரையோ, துணி துவைக்கும் இயந்திரமோ திடீரென்று, எதிர்பாராமல் உடைந்து நீரைக் கொட்டினால், கெட்டுப்போன தரைக்கும் சுவருக்கும் பணம் உண்டு. உடைந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சுவரை இடித்தால், இடித்ததற்கும் கட்டியதற்கும் பணம் உண்டு. ஆனால் உடைந்த குழாய்க்கு மட்டும் பணம் இல்லை! குழாய் தேய்வது குடும்பத்தான் பொறுப்பு. அது உடைந்ததனால் வந்த பின்விளைவே கம்பெனியின் பொறுப்பு. அடுத்தபடியாக, அதே குழாய் உடையாமல், மாதக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சுவரை அரித்திருந்தால் ஒன்றும் கிடையாது. ‘திடீர்’ என்ற ஒரு சொல் அங்கே வாயிற்காவலனாக நிற்கிறது. குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர், வீட்டைச் சூடாக வைத்திருக்கவோ நீரை நிறுத்திவைக்கவோ தவறினால், உறைந்து வெடித்த குழாய்க்கும் அதே கதிதான்.

மழைக்கும் ஒரு விதி உண்டு. புயற்காற்று முதலில் ஓட்டைப் பெயர்த்துத் திறப்பு உண்டாக்கி, அந்தத் திறப்பின் வழி மழை உள்ளே வந்து பொருள்கள் நனைந்தால் அது காற்றின் சேதம், பணம் உண்டு. சன்னலைச் சாத்த மறந்து மழை உள்ளே வந்தால் இல்லை. சாக்கடை எதிர்த்துப் பொங்கி வீட்டுக்குள் வந்தால், அதற்கென்று தனியே பணம் கட்டிச் சேர்த்திருந்தாலன்றி இல்லை. ஆறு, கடல், தெருவில் ஓடிவந்த மழைவெள்ளம் ஆகியவை, காற்றினால் தள்ளப்பட்டு வந்தாலும் சரி, தாமே வந்தாலும் சரி, அறவே இல்லை. ‘காற்றினால் தள்ளப்பட்டாலும்’ என்னும் அந்தத் தொடரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னர் பல்லாயிரம் குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுத்தது.

கம்பெனிகள் கைவிட்ட வெள்ளத்தை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கை எழாமல் இல்லை. 1956-இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு வெள்ளக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. ஆகவே சட்டம் தாளில் உறங்கிற்று. 1965 செப்டம்பரில் ‘பெட்ஸி’ என்னும் புயல் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கி, 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் விளைத்தபோதுதான் விழிப்பு வந்தது. அடுத்த ஆண்டு இதுபற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் கில்பர்ட் ஒயிட் என்ற பூகோளப் பேராசிரியர். ஆற்றுக்கு அணையும் கரையும் கட்டக் கட்ட, அதை நம்பி மக்கள் ஆற்றின் படுகைக்கே வந்து வீடு கட்டுகிறார்கள். ஆகவே செலவு பெருகப் பெருக நஷ்டமும் பெருகுகிறது என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கருத்து. காப்பீடும் இவ்வாறே தவறாகப் பயன்படலாம். பள்ளத்தில் வீடு கட்டுவதைத் தடுக்கும் விதிகளோடு சேர்த்தே அதைக் கொடுக்க வேண்டும் என்று அக்குழு எச்சரித்தது. பூகோள ஆசிரியர் ஒருவர் சொல்லைக் கேட்டு ஒரு நாடு சட்டம் செய்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. முழுவதும் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

1968-இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் சட்டமாயிற்று. ஓர் ஊர் தன் எல்லைக்குள் வெள்ளப் பகுதியில் கட்டடங்களை ஒழுங்குபடுத்த ஒப்புக்கொண்டால், அவ்வூரார்க்கு அரசாங்கம் காப்பு அளிக்கும். ஆனால் வாங்கியவர் மிகச் சிலரே. 1972 ஜூனில் ‘ஆக்னெஸ்’ புயலின் மழை பென்சில்வேனியா மாகாணத்தை மூழ்கடித்தபோது இது வெளிப்பட்டது. மறுவருஷம் சட்டத்தைத் திருத்தி, வெள்ள அபாயப் பகுதியில் வீட்டை ஈடுவைத்துக் கடன் வாங்குவோர் கட்டாயம் இந்தப் பாலிசியை எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். இவ்வாறு ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரங்கள் வேண்டியதாயிற்று: காற்றுக்கும் குழாய்க்கும் கம்பெனியின் பத்திரம், வெள்ளத்துக்கு அரசாங்கத்தின் பத்திரம்.

அரசாங்கத்தின் பத்திரம் ‘வெள்ளம்’ என்ற சொல்லுக்கு வகுத்திருக்கும் இலக்கணத்தைக் கேளுங்கள். வழக்கமாக உலர்ந்திருக்கும் நிலம் 2 ஏக்கராவது மூழ்க வேண்டும். அல்லது நம் மனையோடு இன்னொரு மனையாவது மூழ்க வேண்டும். நம் வீட்டில் மட்டும் நீர் புகுந்தால் அது நமக்கு எவ்வளவு பெரிய வெள்ளமாயினும் பத்திரத்தின்படி வெள்ளமன்று. இழப்பீட்டுக்கும் உச்ச எல்லை உண்டு. குடியிருப்பு வீட்டுக்கு 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர். புயல் வரும் செய்தியைக் கேட்டு ஓடிப்போய் வாங்கவும் இயலாது. பொதுவாக 30 நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும்.

1983 முதல் இந்த அரசாங்கப் பத்திரத்தையும் தனியார் கம்பெனிகளே விற்று, சேதத்தையும் அவர்களே மதிப்பிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அலுவல் எளிதாகும் என்று செய்த காரியம். ஒரே மதிப்பீட்டாளர் ஒரு வீட்டு வாசலில் நின்று, ‘இது காற்று’ என்றால் பணம் கம்பெனியின் பெட்டியிலிருந்து போகும். ‘இது வெள்ளம்’ என்றால் அரசாங்கத்தின் பெட்டியிலிருந்து போகும். இந்த ஏற்பாட்டில் உள்ள ஆசையைக் காண்பதற்குப் பெரிய பொருளாதார அறிவு வேண்டியதில்லை.

2005 ஆகஸ்ட் 29-ஆம் நாள் ‘காட்ரீனா’ புயல் கரையேறியது. மிஸிஸிப்பி மாகாணத்துக் கடற்கரையில் காற்றுக்குப் பின் கடல் மலைபோல் எழுந்து வந்தது. நீர் வடிந்தபின் பார்த்தால், வரிசை வரிசையாக வெறும் கான்கிரீட் தளங்கள், மேலே ஒன்றுமில்லை. வீடு முதலில் காற்றில் பறந்ததா, பின்னர் கடலில் போயிற்றா? சாட்சி சொல்ல ஒரு செங்கல்கூட எஞ்சவில்லை. காற்று என்றார் வீட்டுக்காரர். கடல் என்றது கம்பெனி. ‘காற்றினால் தள்ளப்பட்டாலும்’ என்ற தொடர் இப்போது தன் வேலையைக் காட்டிற்று. 1980-களில் சேர்க்கப்பட்ட இன்னொரு வாசகமும் அதற்குத் துணைநின்றது. விலக்கப்பட்ட நீர் ஒரு காரணமாக இருந்தால், உடனிருந்த வேறு காரணம் எதுவாயினும், எந்த வரிசையில் வந்ததாயினும் பணம் இல்லை என்பது அதன் கருத்து. அந்தக் கரையில் வீட்டை இழந்து வழக்குத் தொடுத்தவர்களுள் அமெரிக்க செனட் சபையின் முன்னாள் பெரும்பான்மைத் தலைவர் டிரெண்ட் லாட்டும் ஒருவர். சட்டம் இயற்றும் சபையை நடத்தியவரே தம் பாலிசியின் பொருளை அறிய நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. பிறகு அவர் வழக்கு சமரசமாக முடிந்தது.

நியூ ஆர்லியன்ஸ் நகரின் கதை வேறு. அங்கே புயல் கடந்த பின்னும் நகரத்தின் நூற்றுக்கு எண்பது பங்கு நீரில் நின்றது. காரணம், நகருக்குள் ஓடும் கால்வாய்களின் காப்புச் சுவர்கள் உடைந்தமையே. அந்தச் சுவர்களைக் கட்டியது அரசாங்கத்தின் இராணுவப் பொறியியல் படை. அவற்றின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்பது பின்னர் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. ஆகவே வீட்டுக்காரர்கள் ஒரு நுட்பமான வாதத்தை வைத்தார்கள். வெள்ளம் என்பது இயற்கையாக வருவது, இது மனிதன் கட்டிய சுவர் மனிதனின் கவனக்குறைவால் உடைந்து வந்த நீர், குழாய் உடைந்தாற்போல. இதை வெள்ளம் என்று எப்படித் தள்ளலாம்?

2006 நவம்பரில் மாவட்ட நீதிபதி ஸ்டான்வுட் டுவால் இந்த வாதத்துக்கு இடம் கொடுத்தார். ‘வெள்ளம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் கொள்ள இடமிருப்பின், பத்திரத்தை எழுதியவனுக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய நெறி. ஆனால் 2007 ஆகஸ்டில் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. அகராதியிலும் வழக்கிலும் வெள்ளம் வெள்ளமே. கரையை உடைத்தது இயற்கையா மனிதனா என்பது அச்சொல்லின் பொருளை மாற்றாது என்றது. 2008-இல் லூயிசியானா மாகாணத்தின் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. இலக்கணப்படி அத்தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. ஏரிக்கரையை யாரோ வெட்டிவிட்டாலும் வந்ததை நாம் வெள்ளம் என்றுதான் சொல்லுகிறோம். ஆனால் அந்த வீட்டுக்காரர்களுள் பலர், அரசாங்கம் கட்டிய சுவரை நம்பியே வெள்ளப் பாலிசி எடுக்காதவர்கள். அவர்களுக்கு இலக்கணம் கொடுத்த ஆறுதல் என்ன?

வாசலில் நின்ற மதிப்பீட்டாளரின் ஆசை பற்றிச் சொன்னேன். அதுவும் நீதிமன்றம் ஏறியது. காற்றால் ஆன சேதத்தை வெள்ளம் என்று எழுதி அரசாங்கத்தின் தலையில் கட்டினார்கள் என்று மதிப்பீட்டு வேலையில் இருந்த இரு சகோதரிகள் ஒரு பெரிய கம்பெனியின்மேல் குற்றம் சாட்டினர். 2013-இல் ஜூரிகள் ஒரு வீட்டைப் பொறுத்தமட்டில் அது உண்மை என்று கண்டனர். 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட மறுத்தது. அரசாங்கத்தின் வெள்ளத் திட்டமோ கடனில் மூழ்கியது. 2017-இல் அக்கடனில் 1,600 கோடி டாலரைக் காங்கிரஸ் ரத்து செய்தது. கம்பெனிகள் 1928-இல் போட்ட கணக்குத் தவறானதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஒரே வெள்ளத்துக்கு இரு நாடுகள் இரு வேறு விடை கண்டதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1953 ஜனவரி 31-ஆம் நாள் இரவு வடகடல் பொங்கியது. ஒரு கரையில் ஹாலந்து. மறு கரையில் இங்கிலாந்து. ஹாலந்தில் 1,836 பேரும், இங்கிலாந்தில் 307 பேரும் மாண்டனர். ஹாலந்துக் கம்பெனிகள் 1955-இல் கூடி, வெள்ளத்துக்குக் காப்பளிப்பதில்லை என்று தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டன. அந்நாட்டு அரசாங்கமோ கடல் வாய்களை அடைக்கும் பெருந்திட்டத்தில் இறங்கியது. ராட்டர்டாம் அருகே உள்ள மாபெரும் கடற்கதவு 1997-இல் திறக்கப்பட்டது. அங்கே பாலிசியின் வேலையைக் கரை செய்கிறது. இங்கிலாந்தில் 1961-இல் அரசாங்கத்தின் வற்புறுத்தலால் கம்பெனிகள் வாய்ச்சொல் உடன்பாடு ஒன்று செய்து, வெள்ளத்தையும் சாதாரண வீட்டுப் பத்திரத்துக்குள்ளேயே வைத்தன. மேட்டுத் தெருக்காரரும் அறியாமலே பள்ளத் தெருக்காரருக்குக் கீற்றுக் கொடுத்து வந்தார். அடிக்கடி வந்த வெள்ளங்களால் அந்த உடன்பாடு தளர்ந்தபின், 2016-இல் எல்லாக் கம்பெனிகளும் பணம் போட்டு நடத்தும் பொது நிதி ஒன்று அதன் இடத்துக்கு வந்தது. அது 2039 வரைக்குமே. 2009-க்குப் பின் கட்டிய வீடுகளுக்கு அதில் இடமில்லை; பள்ளத்தில் புதிதாகக் கட்டுவோர்க்கு ஊக்கம் கொடுக்கலாகாது என்பதற்காக. கில்பர்ட் ஒயிட் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

நம் நாட்டு நிலை என்ன என்று நேயர்கள் கேட்பீர்கள். நம்முடைய தீப் பத்திரங்கள் இங்கிலாந்து வழி வந்தவை. அவற்றில் புயல், சூறைக்காற்று, வெள்ளம், நீர்ப்பெருக்கு ஆகியவை ஒரே வாசகத்தில் சேர்ந்தே நிற்கும். ஆகையால் காற்றா கடலா என்ற அமெரிக்க வழக்கு இங்கே அந்த வடிவில் எழுவதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, பாலிசி வைத்திருந்தவர்க்குக் கேள்வி வேறாக இருந்தது. ஏனெனில் அந்த வாசகம் முழுவதையும் நீக்கிவிட்டுக் குறைந்த பிரீமியம் கட்டும் வசதி நம் பத்திரங்களில் இருந்தது. வெள்ளம் வராத ஆண்டில் அது சிக்கனம்.

2021 ஏப்ரல் 1 முதல், பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் யாவும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் ஒரே மாதிரி வீட்டுப் பத்திரத்தை விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, நிலநடுக்கம் முதலியவற்றோடு, புயலும் வெள்ளமும் அதில் உண்டு. தண்ணீர்த் தொட்டியும் குழாயும் உடைந்தோ நிரம்பி வழிந்தோ வரும் சேதமும் உண்டு. ஆற்று நீரும் குழாய் நீரும் அங்கே ஒரே பட்டியலில் இருக்கின்றன. வீட்டோடு பொருள்களுக்கும் காப்பு, தனியே எழுதாமலே, வீட்டுத் தொகையில் நூற்றுக்கு இருபது பங்கு, 10 லட்ச ரூபாய் உச்ச எல்லையாக, அமைகிறது. பழைய பத்திரங்களில் வீட்டின் மதிப்பைக் குறைத்து எழுதியிருந்தால், அந்த விகிதத்தில் இழப்பீட்டையும் வெட்டுவார்கள். இதில் அந்த வெட்டு இல்லை.

ஒன்றை மட்டும் பலரும் தவறாக எண்ணுகிறார்கள். வீட்டை எவ்வளவுக்கு வாங்கினோமோ அதுவே காப்புத் தொகை என்று நினைக்கிறார்கள். அப்படியன்று. வீட்டின் உட்பரப்பு இத்தனை சதுர அடி, அதை இன்று கட்டச் சதுர அடிக்கு இவ்வளவு செலவு என்று பெருக்கி வருவதே தொகை. மனையின் விலை அதில் சேராது. வீடு போனாலும் மனை அங்கேயே இருக்கும் என்பது கம்பெனியின் கணக்கு. கொள்ளிடக் கரையில் குடியிருப்பவர்கள் அதை ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு பேச்சு.